கண்ணாடிக் கதவோடு நின்றுவிடும் தண்ணீர்

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரும் பெற்றோர் பலரும் ஊர் திரும்பியதும் சொல்லும் முதல் குறை, "அங்கே வீட்டுக்குள்ளே மீன் வறுக்க முடியாது" என்பதுதான். வாடை கார்பெட்டில் ஏறினால் ஒரு வாரத்துக்குப் போகாது. எண்ணெய் கொஞ்சம் புகைந்தாலே கூரையில் இருக்கும் அலாரம் அலறும். ஆகவே பல வீடுகளில் வறுவலும் பொரியலும் பால்கனிக்கு இடம்பெயர்ந்துவிடும். தரைத்தளத்தில் இருந்தால் 'பேட்டியோ', மாடியில் இருந்தால் 'பால்கனி' அல்லது 'டெக்' என்பார்கள். அங்கே ஒரு மடக்கு மேசை, அதன்மேல் ஒற்றை அடுப்பு, பக்கத்தில் துளசித் தொட்டி, கம்பியில் காயும் துண்டு. கோடை வந்தால் மேல்வீட்டுக்காரர் கரி அடுப்பை மூட்டி இறைச்சி வாட்டுவார். எதிர்வீட்டு இளைஞர் வெளியே நின்று சிகரெட் பிடித்துவிட்டுத் துண்டைப் பூந்தொட்டியில் குத்தி அணைப்பார். வீட்டுக்குள் செய்யக் கூடாதவை என்று ஒதுக்கப்பட்ட நெருப்பு வேலைகள் எல்லாம் வந்து சேரும் இடம் அந்த ஆறடி அகலப் பலகைத் தளம்.

கடந்த ஆண்டு டாலஸ் பக்கம் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது, வேலையில்லாத ஒரு மதியத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு, தீயின் சூட்டில் தானே திறந்து நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் தலைகளை எண்ணினேன். கூடத்தில், சமையலறையில், ஒவ்வொரு படுக்கையறையிலும் இருந்தன. கண்ணாடிக் கதவை நகர்த்தி வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. உறவினரிடம் கேட்டதற்கு, "அங்கே எதுக்கு மாமா, அதுதான் திறந்தவெளியாச்சே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதிநூல் ஒன்று நெடுங்காலம் சொல்லிவந்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். அந்த ஒரு வரி தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, முதலில் அந்தக் கட்டடங்கள் எதனால் ஆனவை என்று சொல்ல வேண்டும்.

நம்மூர் அடுக்ககம் என்றால் கான்கிரீட் தூண், கான்கிரீட் தளம், செங்கல் அல்லது பிளாக் சுவர். அமெரிக்காவின் மூன்று மாடி, நான்கு மாடி அடுக்ககங்களில் பெரும்பாலானவை மரச்சட்டக் கட்டடங்கள். கட்டட விதிமொழியில் இதற்கு 'டைப் 5' என்று பெயர். சுவருக்குள் நிற்பது மரக்கால்கள். தளத்தைத் தாங்குவது மர உத்திரங்கள். கூரைக்கடியில் மெல்லிய மரத்துண்டுகளை உலோகத் தகட்டால் இணைத்துக் கட்டிய முக்கோணச் சட்டங்கள். இத்தனை மரத்தை வைத்துக்கொண்டும் வீட்டுக்குள் ஓரளவு பாதுகாப்பு இருப்பதற்குக் காரணம், உட்பக்கம் முழுவதும் ஜிப்சம் பலகை அடித்திருப்பதுதான். ஜிப்சம் தனக்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள்; தீ பட்டால் அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை பின்னால் இருக்கும் மரம் பிழைத்திருக்கும்.

பால்கனியில் பல கட்டடங்களில் அந்தக் கவசம் கிடையாது. தரை பலகை. அதைத் தாங்கும் உத்திரங்கள் கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேலே அப்படியே தெரியும். வெளிச்சுவரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வினைல் தகடு. சூடு பட்டதும் அது வளைந்து, உருகி, தொங்கி, பின்னால் இருக்கும் மரச்சில்லுப் பலகையைத் தீயிடம் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது தொட்டியில் குத்திய அந்தச் சிகரெட் துண்டுக்கு வருவோம். கடையில் விற்கும் தொட்டி மண் பலவற்றில் மண்ணே இருக்காது. பீட் எனப்படும் காய்ந்த தாவரச் சிதைவு, மரப்பட்டைத் துருவல் போன்றவைதான் இருக்கும். நீர் ஊற்றாமல் வறண்டு கிடந்தால் அது ஊதுவத்திபோல உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனியும். பிடித்தவர் உறங்கிப்போன பிறகு நள்ளிரவில் பிளாஸ்டிக் தொட்டி உருகி, பலகை பற்றும். பலகைத் தீயின் சூடு மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் மோதி உத்திரங்களுக்கிடையே தேங்கும். சுவரோரம் வினைல் உருகும். தீ அங்கிருந்து இரண்டாம் மாடிப் பால்கனி, மூன்றாம் மாடிப் பால்கனி என்று ஏணிப்படி ஏறுவதுபோல் ஏறும். உச்சியில் கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்தின் அடியில் காற்றோட்டத்துக்கென்று ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதற்குள் நுழைந்துவிட்டால் தீ கூரைச்சட்டங்களுக்கு நடுவே வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு கட்டடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அதற்கு வழி கிடைத்துவிடும்; இடையில் தடுப்பு வைத்திருந்தால் அது தாங்கும்வரை தாங்கும்.

இவ்வளவும் நடக்கும்போது வீட்டுக்குள் புகையே இருக்காது என்பதுதான் என்னை மிகவும் கலங்கடிக்கும் செய்தி. அலாரம் உள்ளே, தீ வெளியே. ஸ்பிரிங்க்ளர்கள் கூரைப்பலகைக்குக் கீழே. தீ கூரைப்பலகைக்கு மேலே. முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் சாலையில் போகிற யாரோ ஒருவராக இருப்பார்.

பால்கனிக்குத் தலை ஒன்றும் வேண்டாம் என்று எழுதிவைத்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அதைச் சொல்லியாக வேண்டும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி 1874-இல் தானியங்கி ஸ்பிரிங்க்ளரை உருவாக்கியபோது அவர் காக்க நினைத்தது தன் தொழிற்சாலையை. என்.எஃப்.பி.ஏ. என்கிற தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1896-இல் தோன்றியதே ஸ்பிரிங்க்ளர் பொருத்தும் முறையை ஒழுங்குபடுத்தத்தான். அந்த வழியில் வந்த 13 எண் விதிநூல் கட்டடம் முழுவதற்கும் தண்ணீர் கேட்கும். வீடுகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. ஆனால் மனிதர்கள் வீடுகளில்தான் அதிகம் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே 1975-இல் தனிவீடுகளுக்கு 13 டி, 1989-இல் நான்கு மாடிவரையான குடியிருப்புகளுக்கு 13 ஆர் என்று இலகுவான விதிநூல்கள் வந்தன. இவற்றின் குறிக்கோள் உயிர். அறைக்குள் தீ முற்றிலும் பரவும் நிலையைத் தடுத்து, உள்ளே இருப்பவர் வெளியேற நேரம் வாங்கித் தருவது. உயிரிழப்பு குறைவாக நிகழும் இடங்கள் என்று கணக்குப் பார்த்துச் சில இடங்களுக்கு விலக்கு அளித்தார்கள். சிறு குளியலறை, சிறு அலமாரி, யாரும் வசிக்காத கூரைப்பரண். அந்தப் பட்டியலில் திறந்த பால்கனியும் சேர்ந்தது. இந்த விலக்குகளால் செலவு குறைந்து, ஸ்பிரிங்க்ளரே பார்த்திராத சாதாரண வாடகைக் குடியிருப்புகளுக்கு அது வந்து சேர்ந்தது. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். 13 ஆரை நான் நன்றியோடுதான் பார்க்கிறேன்.

ஆனால் மற்ற விலக்குகளையும் பால்கனியையும் ஒரே தட்டில் வைத்தது பிழை. குளியலறையில் கரி அடுப்பு மூட்டுபவர் இல்லை. என்.எஃப்.பி.ஏ.யின் மதிப்பீட்டையே எடுத்துக்கொள்வோம்: 2014 முதல் 2018 வரை இறைச்சி வாட்டும் அடுப்புகளால் ஆண்டுக்குச் சராசரியாக 10,600 வீட்டுத் தீ நிகழ்வுகள். வாட்டும் அடுப்பு நிற்கும் இடம் அடுக்ககத்தில் எது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு; பொறியாளர்கள் அல்லாதவர்கள் அதிகம் கவனிக்காதது. 13 ஆர் முறையில் குழாய்க்கும் பம்புக்கும் கணக்குப் போடும்போது ஒரு பகுதிக்குள் அதிகபட்சம் நான்கு தலைகள் ஒரே நேரத்தில் திறக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். (திரைப்படங்களில் வருவதுபோல் எல்லாத் தலையும் ஒன்றாகக் கொட்டாது, சூடு பட்ட தலை மட்டும்தான் திறக்கும்.) உள்ளே தொடங்கும் தீக்கு இந்தக் கணக்கு போதும். ஒரு தலையே பெரும்பாலும் முடித்துவிடும். வெளியே ஏறிய தீயோ மூன்று மாடிகளிலும் பால்கனிக் கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் உள்ளே வரும். அப்போது மூன்று வீட்டுத் தலைகளும் திறக்கும், நீரழுத்தம் விழும். பால்கனியில் ஒரு தலை இல்லாததால் உள்ளே இருக்கும் பத்துத் தலைகளும் பலவீனப்படும். ஆக, வெளியே பொருத்தும் தலை பலகையை மட்டும் காப்பதில்லை. படுக்கையறைத் தலைக்கு வரவேண்டிய தண்ணீரையும் அதுதான் காக்கிறது.

2000-ஆம் ஆண்டில் முதல் பதிப்பு கண்ட சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, அதாவது ஐ.பி.சி., இந்த ஓட்டையை அடைத்தது. 13 ஆர் வேண்டாம் என்றாலும், கட்டடம் டைப் 5 வகையாக இருந்து, தலைக்கு மேலே கூரையோ மற்றொரு தளமோ இருந்தால், வீடுகளின் பால்கனிக்கும் டெக்குக்கும் தரைத்தளப் பேட்டியோவுக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு நூல் விலக்கு அளிக்க, இன்னொரு நூல் கட்டாயமாக்கியது. ஐ.பி.சி. தானாகச் சட்டமாகிவிடாது, மாநிலமோ நகரமோ தழுவிக்கொள்ள வேண்டும், தழுவும்போது பிடிக்காத பிரிவை வெட்டவும் முடியும். அதற்கு முன்பே கட்டியவை அப்படியே நிற்கும். என் உறவினரின் குடியிருப்பு தொண்ணூறுகளில் கட்டியது.

வைக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டால் எப்படி வைப்பது? இதில்தான் வேலையின் நுட்பம் இருக்கிறது. அறைக்குள் நான்கு சுவரும் கூரையும் சூட்டைப் பிடித்து வைக்கும். பால்கனியில் மூன்று பக்கமும் காற்று. சூடான புகை தேங்கக்கூடிய ஒரே இடம் மேல்தளத்தின் அடிப்பக்கம். தலை அந்தச் சூட்டுப் படலத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சாண் கீழே இறங்கிவிட்டால் காற்று புகையை இழுத்துப்போக, தலை குளிர்ச்சியாகவே இருந்து தீ வளர்வதை வேடிக்கை பார்க்கும். அடிப்பக்கம் மட்டமாகப் பலகை அடித்திருந்தால் சிக்கல் குறைவு. உத்திரங்கள் திறந்து தெரிந்தால், ஒவ்வொரு உத்திர இடுக்கும் தனித்தனிப் பெட்டிபோல் சூட்டை வாங்கிக்கொள்ளும். இதற்காகவே ஐ.பி.சி. அளவு சொல்லியிருக்கிறது: பக்கச்சுவர்த் தலையின் (சுவரில் பொருத்திப் பக்கவாட்டில் தெளிக்கும் தலை) நீரைச் சிதறடிக்கும் தகடு உத்திரங்களுக்குக் கீழே 1 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்குள், மேல்தளப் பலகையிலிருந்து 14 அங்குலத்துக்கு மிகாமல் இருக்கலாம்.

தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அதிகக் குழப்பமில்லை. வீட்டுச்சுவரில், கண்ணாடிக் கதவுக்கு மேலே, வெளிநோக்கித் தெளிக்கும்படி வைப்பார்கள். ஆறடிப் பால்கனிக்கு நீர் கைப்பிடிச்சுவரைத் தாண்டியே விழும். ஆனால் இடையில் எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விளக்குக் கூடு, மின்விசிறி, குறுக்கு உத்திரம், அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட செடித்தொட்டி இவையெல்லாம் தெளிப்பை மறைத்து, பின்னால் உலர்ந்த நிழல் ஒன்றை விட்டுவிடும். பால்கனி ஓரத்தில் பலகை வைத்து அடைத்த ஸ்டோர் அலமாரி இருந்தால் அது தனிக்கதை. வெளியே இருக்கும் தலையின் நீர் மூடிய கதவுக்குள் போகாது.

அடுத்தது குளிர். நீர் நிரம்பிய குழாயைச் சுற்றி 4 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவிதி. பால்கனியில் அதற்கு யார் உத்தரவாதம்? வெயிலுக்குப் பேர்போன டெக்சாஸிலேயே 2021 பிப்ரவரிக் குளிர்ப்புயலில் வீடு வீடாகக் குழாய்கள் உறைந்து வெடித்தன. இதற்கு ஒருகாலத்தில் எளிய வழி ஒன்று வைத்திருந்தார்கள். குழாயில் கிளிசரினோ கிளைக்காலோ கலந்து உறையாமல் செய்துவிடுவது. கலிஃபோர்னியாவின் ட்ரக்கீ என்னும் மலையூரில் 2009 ஆகஸ்டில், சமையலறைத் தீயின்மேல் அப்படிப்பட்ட குழாயிலிருந்து பாய்ந்த அடர்த்தியான கலவையே பற்றிக்கொண்டு ஒருவர் இறந்தார், இன்னொருவர் படுகாயமடைந்தார். அணைக்க வந்தது எரிபொருளாகிவிட்டது. அதன்பின் நடந்த சோதனைகளின் பேரில் என்.எஃப்.பி.ஏ. புதிய குடியிருப்புகளில் அந்த வழக்கத்தை நிறுத்தி, பின்னர் சோதித்து அங்கீகரிக்கப்பட்ட திரவங்களை மட்டும் அனுமதித்தது.

இப்போது பால்கனிக்கு நல்ல விடை, உலர் பக்கச்சுவர்த் தலை. இந்தக் கருவியை முதன்முதலில் பிரித்துப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. நீர்க்குழாய் வெளியே வருவதே இல்லை. சூடேற்றிய அறைப் பக்கத்திலேயே, சுவரின் வெப்பக்காப்புக்கு உட்புறமாக நின்றுவிடும். அங்கிருந்து வெளியே நீள்வது காலியான ஒரு முழக்குழல். நீரைத் தடுக்கும் அடைப்பு குழலின் உள்முனையில். கண்ணாடிக் குமிழ் வெளிமுனையில். தீயின் சூட்டில் குமிழ் உடைந்ததும் குழலுக்குள் இருக்கும் தண்டு நகரும், உள்முனை அடைப்பு விலகும், நீர் பாயும். அதுவரை வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆகவே உறைய ஒன்றுமில்லை. இதிலும் ஒரு கணக்கு உண்டு. வெளிக்குளிர் உலோகக் குழல் வழியாகவே உள்ளே கடத்தப்படும் என்பதால், சூடான பகுதிக்குள் குழல் எத்தனை அங்குலம் நீண்டிருக்க வேண்டும் என்று ஊரின் குளிருக்கேற்ப அட்டவணை வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் குட்டைக் குழலைப் பொருத்திவிட்டால், ஜனவரி மாதத்து ஒரு விடியலில் சுவருக்குள் குழாய் வெடிக்கும். பிறகு குடியிருப்பு நிர்வாகம் 'இந்தப் பால்கனி ஸ்பிரிங்க்ளரே தொல்லை' என்று முடிவுகட்டும்.

குமிழுக்குள் இருக்கும் திரவத்தின் நிறம் வெறும் அழகுக்கானது அன்று. ஆரஞ்சு 57 டிகிரி செல்சியஸில் உடையும், சிவப்பு 68-இல், மஞ்சள் 79-இல், பச்சை 93-இல். வீட்டுக்குள் சிவப்பும் ஆரஞ்சும் பொருந்தும். மேற்கு வெயிலில் காயும் தெற்கத்திய மாநிலப் பால்கனியின் கூரையடி 38 டிகிரியைத் தாண்டக்கூடியது என்றால், அடுத்த படியான மஞ்சளோ பச்சையோ வேண்டும். இல்லையென்றால் தீயே இல்லாமல் கோடை மதியத்தில் கொட்டிவிடும்.

குழல் வெளியே வர சுவரில் ஒரு துளை வேண்டும். அந்தத் துளையைச் சுற்றி மழைநீர் புகாமல் அடைக்க வேண்டும். சின்ன விஷயமாகத் தோன்றும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 2015 ஜூன் 16 அன்று ஓர் அடுக்ககத்தின் ஐந்தாம் மாடிப் பால்கனி முறிந்து ஆறு இளைஞர்கள் இறந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே தீ இல்லை, ஸ்பிரிங்க்ளர் விவகாரமும் இல்லை. உத்திரங்களுக்குள் புகுந்த ஈரம் வெளியேற முடியாமல் மரத்தை உள்ளேயே மக்கச் செய்திருந்தது. மரப் பால்கனிக்கு நெருப்பும் பகை, நீரும் பகை. நெருப்புக்காகப் போடும் துளை நீருக்கு வழிவிடக் கூடாது என்பதில் பொருத்துபவர் காட்டும் அக்கறை, வரைபடத்தில் தலையைக் குறிக்கும் பொறியாளரின் அக்கறைக்குக் குறைந்ததாக இருக்க முடியாது. அந்த விபத்துக்குப் பின் 2018-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றி, வாடகைக் குடியிருப்புகளின் மரப் பால்கனிகளை ஆறு ஆண்டுக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்றது. ஏணி வைத்து உத்திரத்தைத் தட்டிப் பார்க்கப் போகிற அதே ஆள், தலை துருப்பிடித்திருக்கிறதா, யாராவது வர்ணம் பூசிவிட்டார்களா, குருவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சட்டத்தில் இடம் செய்யலாம். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். உலர் தலைகளின் உள்ளடைப்பு ஆண்டுகள் செல்லச் செல்ல ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், குறித்த காலத்தில் சிலவற்றைக் கழற்றிச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பியும் பார்க்க வேண்டும். வெயிலும் உப்புக்காற்றும் தின்னும் பால்கனியில் இது வீட்டுக்குள்ளிருக்கும் தலையைவிட அவசியம்.

செலவு என்ற வாதம் வரும். கட்டுநர்களின் சங்கங்கள் எந்த விதித்திருத்தக் கூட்டத்திலும் அதைத்தான் முதலில் வைக்கும். வீட்டுக்கு ஒரு தலை, ஒரு குழல், ஒரு துளை. அதற்கும் பணம் ஆகும்தான். ஆனால் வரவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மரச்சட்டக் கட்டடத்தில் ஸ்பிரிங்க்ளர் பொருத்தினால், 13 ஆர் முறையில் பொருத்தினாலும்கூட, ஐ.பி.சி. ஒரு மாடி கூடுதலாகக் கட்ட அனுமதிக்கிறது. மூன்று மாடி நான்காகும். அந்த நான்காவது மாடியின் வாடகை காலமெல்லாம் உரிமையாளருக்கு வரும். ஸ்பிரிங்க்ளரின் பேரில் ஒரு மாடியைப் பெற்றுக்கொண்டவர், அந்த மாடியையே முதலில் எரிக்கப்போகும் வழியில் ஒரு தலை வைக்கச் செலவாகிறது என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

உயிர்தானே முக்கியம், கட்டடம் போனால் காப்பீடு இருக்கிறதே என்பது அடுத்த வாதம். நியூ ஜெர்சியின் எட்ஜ்வாட்டரில் 2015 ஜனவரி 21 அன்று எரிந்த பெரிய மரச்சட்ட அடுக்ககத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பால்கனியில் தொடங்கியதில்லை. குழாய் பழுதுபார்த்தவர்களின் தீக்கொழுந்து சுவருக்குள் பற்றியது. ஸ்பிரிங்க்ளர் இருந்த கட்டடம்தான். தலைகள் எட்டாத மறைவிடங்கள் வழியே பரவி 240 வீடுகள் சாம்பலாயின. ஓர் உயிரும் போகவில்லை. விதிநூலின் கணக்கில் அது வெற்றி. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் உடுத்திய துணியோடு பனியில் நின்றார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. கட்டடத்துக்குக் காப்பீடு உரிமையாளருடையது. வாடகைக்காரரின் பொருளுக்குக் காப்பீடு அவரே எடுத்திருந்தால்தான் உண்டு. வேலை விசாவில் போயிருக்கும் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட்டும் விசாத் தாள்களும் பட்டச் சான்றிதழும் அலமாரியில். அம்மா போட்டு அனுப்பிய நகை அதே அலமாரியின் அடித்தட்டில். அவற்றை மீட்டு வாழ்க்கையை நிலைநிறுத்த எத்தனை மாதம் ஆகும் என்று பட்டவர்களைக் கேட்டால் தெரியும்.

கான்கிரீட் கட்டடம் என்றால் இந்தக் கவலையே வேண்டாமா என்று கேட்கலாம். மெல்பர்னின் டாக்லேண்ட்ஸ் பகுதியில் இருக்கும் லக்ராஸ் குடியிருப்பு அதற்குப் பதில். 2014 நவம்பர் 25 அதிகாலை, எட்டாம் மாடிப் பால்கனியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்ட ஒரு சிகரெட் துண்டு. சுவரை மூடியிருந்த அலுமினியப் பலகைகளின் நடுவே பாலிஎத்திலீன். சுமார் பதினொரு நிமிடத்தில் தீ 21-ஆம் மாடியை எட்டியது. உள்ளே இருந்த ஸ்பிரிங்க்ளர்கள் தமக்கு வகுத்த அளவுக்கு மேலேயே உழைத்துத் தீயை வீடுகளுக்குள் பெரிதாக விடவில்லை; ஒருவரும் இறக்கவில்லை. வெளியே ஏறியதைத்தான் எதுவும் நிறுத்தவில்லை. 2019 பிப்ரவரியில் விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயம் 57 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்து, பொறுப்பைப் பிரித்தது: தீப்பாதுகாப்புப் பொறியாளர் 39 விழுக்காடு, கட்டட ஆய்வாளர் 33, கட்டடக்கலைஞர் 25. சிகரெட்டைப் போட்டவருக்கு 3. இந்தப் பிரிவினையை நான் மனதார ஏற்கிறேன். மனிதர்கள் பால்கனியில் புகைப்பார்கள், விளக்கேற்றுவார்கள், சமைப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டு வரைவதற்குத்தான் மூன்று பேர் சம்பளம் வாங்கினார்கள். 2018-இல் ஆஸ்திரேலியா தன் தேசியக் கட்டட விதியைத் திருத்தியபோது, 25 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் பால்கனி ஸ்பிரிங்க்ளர் நிபந்தனைகளை இறுக்கியது. லண்டனின் பார்க்கிங்கில் 2019 ஜூன் 9 அன்று மரப்பலகைப் பால்கனிகள் வழியே ஏறிய தீ இருபது வீடுகளை அழித்தது. நம்மூர்க் கட்டடங்களிலும் இப்போது முகப்புக்கு ஏ.சி.பி. எனப்படும் அலுமினியக் கலப்புப் பலகை ஒட்டுவது சாதாரணமாகிவிட்டது என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறேன். பால்கனியைக் கண்ணாடியால் அடைத்து, வாஷிங் மெஷினும் பழைய செய்தித்தாளும் வைத்து, கம்பிக் கூண்டுக்குப் பூட்டும் போடும் நம் வழக்கம் தனிக் கட்டுரைக்கு உரியது.

அமெரிக்காவில் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது: 13 ஆர் நூலின் பால்கனி விலக்கை இனி எந்த ஊரும் பின்பற்றக் கூடாது; ஐ.பி.சி. தழுவாத, தழுவியும் இந்தப் பிரிவை வெட்டிய ஊர்களுக்கும் இது பொருந்தும். பழைய கட்டடங்களில் வெளித்தகடு மாற்றும்போதோ டெக் பலகை மாற்றும்போதோ சுவர் எப்படியும் திறக்கப்படும். குழலை நுழைக்க அதைவிடச் சுலபமான நேரம் வராது. அந்த அனுமதிச் சீட்டோடு தலையையும் கட்டாயமாக்கலாம். இன்னொன்றில் தீவிதியோடு எனக்கு மாறுபாடு உண்டு. எரியக்கூடிய பால்கனியிலும் அதிலிருந்து பத்தடிக்குள்ளும் கரி அடுப்பையும் பெரிய சிலிண்டர் வைத்த அடுப்பையும் மூட்டக் கூடாது என்று சொல்லும் சர்வதேசத் தீவிதி, கட்டடத்திலும் பால்கனியிலும் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் அந்தத் தடையைத் தளர்த்துகிறது. தலையை வைப்பது தவறு நடந்தால் காக்க. அதைக் காட்டி நெருப்பை அழைத்துவருவது, ஹெல்மெட் கொடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டச் சொல்வது போன்றது.

குடியிருப்பவர்கள் கையில் இருப்பவை சில. தலையில் துணிக்கம்பி கட்டாதீர்கள், கார்த்திகைக்குத் தோரணமோ சீரியல் விளக்கோ அதில் தொங்கவிடாதீர்கள். குமிழ் மிக மெல்லியது. அகல் விளக்கைப் பலகையில் நேராக வைக்காமல் மணல் பரப்பிய தாம்பாளத்தில் வையுங்கள். படுக்கப் போகும் முன் எல்லாம் அணைந்ததா என்று பாருங்கள். வாட்டிய கரியை மறுநாளும் நம்பாதீர்கள். தண்ணீர் ஊற்றி மூடியுள்ள இரும்பு வாளியில் போடுங்கள். தொட்டிமண்ணை ஈரமாக வைத்திருங்கள். மீன் வறுவலை என்ன செய்வது என்று கேட்டால், பல குடியிருப்புகளில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட் தரையில் பொது அடுப்பு வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் நடக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸப் வீடியோவில் பேரப்பிள்ளையைக் காட்டுவதற்கு மகள் பால்கனிக்கு வருவாள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கும். பேசி முடித்த பிறகு, போனை ஒரு நிமிடம் கதவுக்கு மேலே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சுவரிலிருந்து கட்டைவிரல் அளவு உலோக மூக்கு ஒன்று வெளியே நீட்டியிருக்கும், நுனியில் சிறு தகடும் மஞ்சளோ பச்சையோ சிவப்போ ஒரு கண்ணாடிக் குமிழும் தெரியும். தெரியவில்லை என்றால், திங்கள்கிழமை குடியிருப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.